முதல் படி ஒன்பது, கடைசிப் படி ஐந்து

மாநிலத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் குடியிருப்புக் கட்டுமான வேலைவாய்ப்பு அறிக்கையில், ஒன்பதாம் வகை இப்படி வரையறுக்கப்பட்டிருக்கிறது: "பெண். திறன் பயிற்சி அற்றவர். முறையான கல்வி குறைந்தவர் அல்லது இல்லாதவர். குடும்பத்தின் முதன்மை வருவாய்க்குத் துணையாகப் பருவகாலங்களில் மட்டும் பணிக்கு வருபவர். பணியின் தன்மை: தலைச்சுமை. பணியின்போது முடிவெடுக்க வேண்டிய தேவை எழுவதில்லை."

அந்த வகையில் சேர்க்கப்பட்டிருந்த பல்லாயிரம் பேரில் ஏணியும் ஒருவர். ஏணி என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. ஆனால் பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் கட்டட வேலை நடக்கும் எந்த இடத்திலும் "அப்படி யாரும் இங்க இல்லையே" என்பார்கள். ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு, உடம்பில் சதை என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. சாரத்தில் நிற்பவருக்குக் கலவைப் பாண்டை, அந்த இரும்புச் சட்டியை, எட்டிக் கொடுக்க மற்றவர்களுக்கு ஒரு பலகை தேவைப்படும், அவருக்குத் தேவைப்படாது. அதனால் ஏணி.

வரையறையை அவர் மேல் போட்டுப் பார்த்தால் இரவல் சட்டை மாதிரி எல்லா இடத்திலும் இழுத்தது. பத்தாம் வகுப்பில் கணக்கில் எண்பத்தெட்டு வாங்கியவர். பருவகாலம் என்பது அவருக்கு இருந்ததில்லை. மழை வந்தால் கம்பி கட்டும் கணவர் வீட்டில் போர்த்திக்கொண்டு படுப்பார். இவர் சிமெண்டு மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூட ஓடுவார். ஆகவே துணை வருவாய் என்ற பட்டம் யாருக்காவது பொருந்துமானால் அது கணவருக்குத்தான். முடிவெடுக்கும் தேவை பற்றி: கைப்பிடி போடாத படிக்கட்டில், இருபது கிலோ கலவையைத் தலையில் வைத்துக்கொண்டு, காலடி தெரியாமல் இரண்டாம் மாடிக்கு ஏறிப் பார்த்தவர் யாரும் அந்த வாக்கியத்தை எழுதியிருக்க மாட்டார்கள். மொத்தத்தில் பெண் என்பதும் தலை என்பதும் சரியாக இருந்தன.

அறிக்கை அதோடு நிற்கவில்லை. மாநில அளவில் ஐந்தாண்டுகளில் கட்டப்படும் வீடுகள் ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கின்றன, வீடு கட்டுபவர்கள் பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறார்கள் என்று ஒரு வரைபடம் போட்டிருந்தது. ஒரு கோடு மேலே போயிற்று, ஒரு கோடு கீழே போயிற்று. இரண்டும் குறுக்கிட்ட இடத்தில் ஒன்பதாம் வகை நின்றது. "இயந்திரமயமாக்கலின் விளைவாக இவ்வகையினர் அடுத்த ஐந்தாண்டுகளில் முற்றிலுமாக மறைவர்" என்று கீழே ஒரு வரி. மாநில அளவு என்பது நல்ல உயரம். அங்கிருந்து பார்த்தால் வீடே புள்ளியாகத்தான் தெரியும். அதைச் சுமந்தவர் எப்படித் தெரிவார்?

அந்த வரியை ஒரு செய்தித்தாள் எடுத்துப் போட்டது. மாடி வீடுகள் முப்பத்தாறை வரிசையாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு காண்டிராக்டர் அதைக் காலை காபியோடு படித்தார். உலகமே இயந்திரத்துக்கு மாறும்போது தான் மட்டும் பின்தங்கிவிடக் கூடாது என்று ஒரு பளுதூக்கி இயந்திரத்துக்குச் சொல்லி அனுப்பினார். ஒன்பதாம் வகையினர் மறைவார்கள் என்ற ஆருடம் இப்படித்தான் பலிக்கத் தொடங்கியது: ஆருடத்தைப் படித்தவர் அதைப் பலிக்க வைத்தார்.

திங்கட்கிழமை இயந்திரம் வந்து இறங்கியது. மஞ்சள் நிறம், புதுத் தார்ப்பாய். தலைமைக் கொத்தனார் அதை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, பெண்கள் பக்கம் திரும்பினார். அவருக்கு ரசமட்டம் என்று பெயர். மட்டம் பார்க்கும் அந்தக் குமிழிக் கட்டையை இடுப்பில் கத்தி மாதிரி செருகியிருப்பார். கல்யாணத்துக்குப் போனாலும் அது கூட வரும் என்று சொல்வார்கள்.

"பதினோரு பேரும் கேட்டுக்கோங்க. சனிக்கிழமையோட சரி. தண்ணி ஊத்த ரெண்டு பேரு போதும்னு முதலாளி சொல்லிட்டாரு."

"யாரு அந்த ரெண்டு பேரு?" என்றாள் குண்டூசி. ஏணியின் கூட்டாளி, உருவம் சிறியது, குத்துவது பலமானது.

"நீ இல்ல."

"அது எனக்கே தெரியும் மேஸ்திரி. உங்க மிஷினு பேசாதுல்ல, அதான் உங்களுக்குப் பிடிச்சிருக்கு."

பெண்கள் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அந்த வட்டாரத்தில் வேறு மூன்று இடங்களில் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. மூன்றிலும் மஞ்சள் இயந்திரம் ஏற்கனவே வந்துவிட்டிருந்தது. சனிக்கிழமைக்குப் பிறகு போக இடமில்லை என்பது பதினோரு பேருக்கும் தெரியும்.

புதன்கிழமை காண்டிராக்டர் விழுந்தார்.

முப்பத்தாறில் முதல் வீடு மட்டும் முழுதாக முடிந்து, கல் பதித்து, பெயிண்ட் அடித்து, வாங்குபவர் பார்வைக்குத் தயாராக இருந்தது. ஒரு கணவனும் மனைவியும் ஓர் அளவு நாடாவோடு வந்திருந்தார்கள். காண்டிராக்டர் அவர்களுக்கு முன்னால் மாடிப்படி ஏறிக்கொண்டே, "இந்த மாதிரி வேலைத்திறன் நீங்க வேற எங்கயும்" என்று ஆரம்பித்து, கடைசிப் படியில் கால் இடித்து, மாடித் தரையில் முழங்காலும் உள்ளங்கையும் பதிய விழுந்தார். அதற்குள் பக்கவாட்டில் ஏறி மேலே போய்விட்டிருந்த அந்தக் கணவரின் காலடியில் தலை போய் நின்றது. பார்க்க நமஸ்காரம் செய்வதுபோலவே இருந்தது.

"பரவாயில்லைங்க, எழுந்திருங்க" என்றார் அவர், சற்றே கூச்சத்துடன்.

மனைவி தன் அளவு நாடாவை விரித்தாள். பிறகு மடித்துப் பையில் போட்டாள். "நாங்க யோசிச்சுச் சொல்றோம்" என்றாள். வீடு விற்பவர்களுக்கு அந்த வாக்கியத்தின் பொருள் தெரியும்.

அன்று மத்தியானம் இரண்டாம் வீட்டில் விசாரணை நடந்தது. அங்கே படிக்கட்டு காங்கிரீட்டோடு நின்றது. தரையும் கல்லும் இன்னும் போடவில்லை. ரசமட்டம் ஒவ்வொரு படியாக அளந்து காட்டினார். ஏழு அங்குலம், ஏழு அங்குலம், ஏழு அங்குலம். பதினேழு ஏற்றமும் ஏழு அங்குலம், நூல் பிசகவில்லை. இன்ஜினியர் வரைபடத்தை விரித்தார். அதிலும் ஏழு. அவர் இளைஞர், வியர்த்திருந்தார். கல் பதிப்பவரைக் கூப்பிட்டு விசாரித்ததில், எல்லாப் படிக்கும் ஒரே கனத்தில்தான் கல் போட்டதாகச் சொன்னார், அதுவும் உண்மை. எல்லோரும் சரியாகச் செய்திருந்தார்கள். படி மட்டும் தப்பாக இருந்தது.

"அப்ப நான் ஏன்யா விழுந்தேன்?" என்றார் காண்டிராக்டர்.

"செருப்பு புதுசுங்களா?" என்றார் ரசமட்டம்.

கலவைப் பாண்டோடு படியேறிக்கொண்டிருந்த ஏணி நின்றார். பாண்டு தலையிலேயே இருந்தது.

"செருப்பு இல்ல சார். அந்த வீட்டுல முதல் படி அஞ்சு இஞ்சு, கடைசிப் படி ஒன்பது இஞ்சு. யாரு ஏறினாலும் விழுவாங்க."

"நீ அளந்தியா?"

"இல்ல. ஏறினேன்."

இன்ஜினியர் முதல் வீட்டுக்கு ஓடினார். திரும்பி நடந்து வந்தார். முதல் படி ஐந்து. கடைசிப் படி ஒன்பது. நடுவில் எல்லாம் ஏழு.

தலையில் பாண்டு இருப்பவருக்குக் கீழே பார்க்க வழியில்லை. கால்தான் பார்க்க வேண்டும். நான்கு படி ஏறியதும் கால் அந்த உயரத்தை மனப்பாடம் செய்துவிடும். பிறகு ஒரு படி அரை அங்குலம் கூடினாலும் உச்சந்தலை வரை சொல்லிவிடும். பன்னிரண்டு வருடம் இப்படி ஏறியவரின் காலுக்கு அளவு நாடா வேண்டியதில்லை. ஆனால் ஏணிக்குத் தெரிந்தது அதற்கும் மேலே ஒன்று. படிக்கட்டைச் சட்டம் அடித்துக் காங்கிரீட் போடுபவர்கள் போட்டதும் போய்விடுவார்கள். பூசுபவர் பூசிவிட்டுப் போய்விடுவார். தரை போடுபவர் வரும்போது அவர்கள் இருக்க மாட்டார்கள். கல் பதிப்பவர் வரும்போது இவர் இருக்க மாட்டார். திறன் பெற்றவர் ஒவ்வொருவரும் படிக்கட்டின் வாழ்க்கையில் ஒரு வாரத்தைப் பார்த்தார். அத்தனை பேருக்கும் சுமந்து, அதே படிக்கட்டில் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஏறி இறங்கியவர்கள் திறனற்ற பதினோரு பெண்கள் மட்டுமே.

"இத்தனை நாள் ஏன் சொல்லல?" என்றார் காண்டிராக்டர்.

"சொல்லாம என்ன? 'பேச்சைக் குறை, நடையைக் கூட்டு'ன்னு மேஸ்திரி சொல்வாரு. அதுக்கப்புறம் நடை மட்டும்தான்."

ரசமட்டம் இடுப்புக் கட்டையைச் சரி செய்துகொண்டார்.

"சரி, எப்படி இருக்கணுங்கற?"

"காங்கிரீட்டுல முதல் படி ஒன்பது வைக்கணும். கடைசிப் படி அஞ்சு வைக்கணும்."

ரசமட்டத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. "கேட்டீங்களா முதலாளி? சரியா இருக்கறதைத் தப்பா கட்டினா சரியா வருமாம்!"

"ஆமா" என்றார் ஏணி. "அதான் சொல்றேன்." பிறகு பாண்டை இறக்கி வைத்தார். பன்னிரண்டு வருடத்தில் வேலை நேரத்தில் யாரும் சொல்லாமல் அவர் பாண்டை இறக்கியது அதுதான் முதல் தடவை. "ஏழாம் வீட்டுப் படி இன்னும் போடல. அதை எங்க பதினோரு பேருக்கு விடுங்க. சரியா வரலேன்னா நாங்களே போயிடறோம், மிஷினு இருக்கட்டும். சரியா வந்தா, மிச்ச வீட்டுப் படி எல்லாம் எங்களோடது. கொத்தனார் கூலி."

காண்டிராக்டர் முழங்காலைத் தடவினார். அன்று காலை ஒரு வீடு கை நழுவிப் போயிருந்தது; இன்னும் முப்பத்தைந்து இருந்தன. "ஏழாம் வீட்டை முதல்ல முடிங்க" என்றார் இன்ஜினியரிடம். "மிஷினுக்குக் கரண்ட் எப்ப வருது?"

"மனு குடுத்திருக்கு சார்."

"அப்ப நேரம் இருக்கு" என்றார் காண்டிராக்டர். மின் இணைப்பு அலுவலகத்தை அவர் நன்றாக அறிந்தவர்.

சாயங்காலம் ஏணியின் கணவருக்கு விளக்கம் தேவைப்பட்டது. குடியிருப்பது மாடியில் ஒற்றை அறை. வெளியே இரும்புப் படி. அதன் கடைசிப் படி ஓர் அங்குலம் கூடுதல் உயரம். ஆறு வருடமாகத் தினமும் அதில் கால் இடித்து, தினமும் அதைத் திட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். அன்றும் அப்படியே வந்தார்.

"ஊரே சிரிக்குது. முதல் படி ஒன்பதாம், கடைசிப் படி அஞ்சாம். எனக்கே புரியல, அவங்களுக்கு எப்படிப் புரியும்?"

ஏணி மகளின் பாடப் புத்தகங்களை எடுத்துச் சுவரோரம் படிபோல அடுக்கினார். கடைசிப் புத்தக அடுக்கை ஒட்டி அரிசி டப்பாவை மாடித் தளமாக வைத்தார். படிக்குப் படி ஒரே உயரம்.

"இது காங்கிரீட்டு. சரியா இருக்கா?"

"இருக்கு."

போர்வையை நாலாக மடித்துக் கீழே விரித்தார். இன்னொரு போர்வையை அதேபோல் மடித்து டப்பாவின் மேல் வைத்தார். புத்தகங்களின் மேல் படிக்கொரு நோட்டுப் புத்தகம் மட்டும் வைத்தார்.

"தரைக்கு ஜல்லி, கலவை, கல்லு எல்லாம் சேர்ந்து மூணு இஞ்சு. படிக்கு வெறும் கல்லு, ஒரு இஞ்சு. இப்பப் பாரு. கீழ தரை ஏறிடுச்சு, முதல் படி குட்டையாயிடுச்சு. மேல தரை ஏறிடுச்சு, கடைசிப் படி நெட்டையாயிடுச்சு. ரெண்டு இஞ்சு இங்க முழுங்கி, ரெண்டு இஞ்சு அங்க கக்குது."

கணவர் இரண்டு விரல்களைப் புத்தகங்களின் மேல் நடக்க விட்டார். விரல் டப்பாவில் இடித்தது. மறுபடி நடக்க விட்டார். மறுபடி இடித்தது.

"அடப்பாவி" என்றார். யாரை என்று சொல்லவில்லை.

"நாளைக்குக் கம்பி கட்ட வர்றியா?"

"பதினோரு பொம்பளைங்களுக்கு நான் ஒருத்தன் எடுபிடியா?"

"எடுபிடின்னா கேவலமா? பன்னெண்டு வருஷமா நான் யாரு?"

அவர் போர்வையை உதறி மடித்தார். "எத்தனை மணிக்கு வரணும்?" என்றார்.

வேலை நான்கு நாள் நடந்தது. சட்டம் அடிக்கப் பலகை எடுத்துக் கொடுத்து, ஆணி எடுத்துக் கொடுத்து, தப்பாக அடித்ததைப் பிடுங்கிக் கொடுத்துப் பழகிய கைகள் அடிக்கும் வேலையையும் தெரிந்து வைத்திருந்தன. ஏணி சுவரில் சுண்ணக்கட்டியால் பதினேழு கோடுகள் போட்டார். அதற்கு முன்னால் வேறு இரண்டு கோடுகள் போட்டார். கீழே ஒன்று, மாடியில் ஒன்று. காங்கிரீட்டுக்கு மேலே சரியாக மூன்று அங்குலத்தில், தரை முடிய வேண்டிய இடத்தில்.

இன்ஜினியரைக் கூப்பிட்டார். "சார், இதுல கையெழுத்துப் போடுங்க."

"சுவத்துலயா?"

"பேப்பர்ல போட்டா பேப்பர் ஆபீசுல இருக்கும். தரை இங்க இருக்கும்."

பயம் நியாயமானது. தரையைப் போடப்போவது ரசமட்டம். மூன்று அங்குலத்துக்குப் பதிலாக இரண்டில் முடித்துவிட்டு "சிமெண்டை மிச்சம் பிடிச்சேன்" என்று சொன்னால், அவருக்குப் பாராட்டுக் கிடைக்கும். ஏணியின் படிக்கட்டு காண்டிராக்டரை இரண்டாம் தடவை விழ வைக்கும். இன்ஜினியர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார். நான்கு வருடப் படிப்பில் சுவரில் கையெழுத்துப் போடச் சொல்லித் தரவில்லை. போட்டார். தேதியும் போட்டார்.

பலகையைப் பிரித்த அன்று வேடிக்கை பார்க்கக் கூட்டம் வந்தது. பக்கத்து வீடுகளில் வேலை செய்தவர்கள் மட்டுமல்ல, அடுத்த தெருவிலிருந்து பெயிண்டர்கள் இருவர் தூரிகையோடு வந்தார்கள். படிக்கட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை என்பதுதான் உண்மை. முதல் படி முழங்காலைக் கேட்டது. கடைசிப் படி இருக்கிறதா என்று குனிந்து தேட வேண்டியிருந்தது.

"கீழ ஏற ஒரு ஏணி வேணும், மேல ஏற எறும்புக்கே வழி இருக்கு" என்றார் ரசமட்டம். கூட்டம் ரசித்தது.

"எறும்புக்கு வழி இருந்தா உங்களுக்கும் இருக்கும் மேஸ்திரி, சும்மா ஏறிப் பாருங்க" என்றாள் குண்டூசி. ஆனால் அவள் குரலில் வழக்கமான கூர் இல்லை. கூட்டம் கலைந்ததும் ஏணியின் முழங்கையைப் பிடித்தாள். "அக்கா, நிஜமா சரியா வரும்ல? எங்க வீட்டுல சனிக்கிழமையோட வேலை போகும்னு சொல்லிட்டேன். இப்பப் போகாதுன்னும் சொல்லிட்டேன். இன்னொரு தடவை மாத்திச் சொல்ல முடியாது."

"வரும்."

"எப்படித் தெரியும்?"

"கூட்டிப் பார்த்தேன். அப்புறம் கண்ணை மூடி ஏறிப் பார்த்தேன். தரை இல்லாமலே தரை இருக்கற மாதிரி நினைச்சுக்கிட்டு."

அந்தப் பதில் குண்டூசிக்கு அவ்வளவாகத் தைரியம் தரவில்லை. ஏணிக்கே அன்று சோறு இறங்கவில்லை. இன்ஜினியர் வேறு சாயங்காலம் வந்து, முதல் படியில் இரண்டு அங்குலம் கொத்தி எடுத்துவிட்டால் என்ன, பார்க்கவாவது நன்றாக இருக்குமே என்றார். கையெழுத்துப் போட்டவர்களுக்கு வரும் பயம் அது. "கொத்தினா கையெழுத்தையும் சேர்த்துக் கொத்தணும் சார்" என்றார் ஏணி. இன்ஜினியர் போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து ரசமட்டம் தரை போட வந்தார். சுவரில் கோட்டைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். உட்கார்ந்து கரணையைக் கையில் எடுத்தார்.

அந்தக் காலைப் பொழுது முழுவதும் ஏணி தண்ணீர் ஊற்றும் சாக்கில் வாசலிலேயே நின்றார். ரசமட்டத்துக்கு அவரைத் தோற்கடிக்க ஆசை இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால் கோடு என்று ஒன்று எதிரில் இருந்தால் அதற்கு மேலேயோ கீழேயோ அரை நூல் போக அவர் கைக்குத் தெரியாது. முப்பது வருடம் குமிழியைப் பார்த்தே வாழ்ந்தவர். மத்தியானம் மட்டப்பலகையை வைத்துத் தேய்த்து முடித்தபோது தரை கோட்டின் மேல் தலைமுடி மாதிரி உட்கார்ந்திருந்தது.

"மூணு இஞ்சு" என்றார், யாரையும் பார்க்காமல். "தரை மேல குத்தம் சொல்ல வேண்டாம். படி மேல சொல்லிக்கலாம்."

கல் பதித்து, காய்ந்து, பெருக்கித் துடைத்த பிறகு காண்டிராக்டருக்குச் சொல்லி அனுப்பினார்கள். பதினோரு பெண்களும் வீட்டு வாசலில் வரிசையாக நின்றார்கள். இன்ஜினியர் அளவு நாடாவை விரித்தும் சுருட்டியும் கொண்டிருந்தார். ரசமட்டம் சற்றுத் தள்ளி, சாட்சிபோல நின்றார். கணவர் வேலை எதுவும் இல்லாமல் ஒரு கம்பியை வளைத்துக்கொண்டிருந்தார்.

காண்டிராக்டர் போனில் பேசிக்கொண்டே வந்தார். யாரோ மணல் லாரிக்காரர். லாரி நேற்றே வந்திருக்க வேண்டும். "நீ நேத்தே கிளம்பினேன்னு சொல்ற, லாரி இன்னைக்கும் கிளம்பல, அப்ப நேத்து யாருய்யா கிளம்பினா?" என்று கேட்டபடி வீட்டுக்குள் நுழைந்தார். வரிசையைப் பார்த்து ஒரு கையை உயர்த்தி "இரு" என்று காட்டிவிட்டு, பேசிக்கொண்டே படி ஏறினார். போனில் கத்துபவர் எவரும் காலைப் பார்ப்பதில்லை. மேலே மாடியில் அவர் குரல் அறை அறையாக நடந்தது. பிறகு பேசிக்கொண்டே இறங்கினார். கடைசிப் படியில், அதாவது இப்போது முதல் படியில், "நாளைக்குக் காலையில லாரி இங்க நிக்கணும்" என்று முடித்து போனைப் பையில் போட்டார்.

"ம். எங்க அந்தப் படி? ஏறிப் பார்த்துடலாம்."

இன்ஜினியரின் அளவு நாடா கையிலிருந்து நழுவிச் சுருண்டது.

"என்ன எல்லாரும் முழிக்கறீங்க?"

"ஏறி இறங்கிட்டீங்க சார்" என்றார் ஏணி.

காண்டிராக்டர் திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தார். தன் செருப்பைப் பார்த்தார். மறுபடி ஏறினார், இம்முறை போன் இல்லாமல், சந்தேகத்தோடு, ஒவ்வொரு படியாக. சந்தேகத்தோடு ஏறியும் எதுவும் தட்டவில்லை. ஒரு படிக்கட்டுக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்சப் பாராட்டு அதைக் கவனிக்காமல் ஏறிப்போவதுதான்; அதை அவர் முதல் தடவையிலேயே கொடுத்துவிட்டிருந்தார். இன்ஜினியர் நாடாவை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். "ஏழு... ஏழு... ஏழு..." என்று அவர் குரல் மேலே போகப் போகப் பெரிதாகிக்கொண்டே போயிற்று. பதினேழாவது ஏழை அவர் கத்தினார் என்றே சொல்ல வேண்டும்.

குண்டூசி ஒரு விசில் அடித்தாள். அவளுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. பத்துப் பெண்களும் ஏணியைத் தூக்கப் பார்த்தார்கள். நீளம் காரணமாக முடியவில்லை. காலைத் தூக்கினால் தலை கதவில் இடித்தது. "விடுங்கடி, சுவத்துல கையெழுத்து இருக்கு, அழிச்சிடாதீங்க" என்று அவர் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

"மிச்சம் இருபத்தொன்பது வீட்டுப் படியும் உங்களோடது" என்றார் காண்டிராக்டர், சொன்னபடி. "முதல் ஆறு வீட்டுப் படியை இடிச்சுத்தான் ஆகணும், இல்லையா?"

"இடிக்கவே வேணாம். கல்லு போடறதுக்கு முன்னாடி எல்லாப் படி மேலயும் ரெண்டு இஞ்சு காங்கிரீட்டு ஏத்திட்டாப் போதும். முதல் படி தானா ஒன்பதாயிடும், கடைசி தானா அஞ்சாயிடும், நடுவுல ஏழு ஏழாவே இருக்கும். முதல் வீட்டுல மட்டும் கல்லைப் பேர்த்து எடுக்கணும்."

காண்டிராக்டர் இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் உள்ளங்கையில் பேனாவால் கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

ரசமட்டம் வந்து கை கொடுப்பார், கண்ணீர் விடுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, அவரும் ஏமாற்றவில்லை. மறுநாளே டீ குடிக்கும் இடத்தில், இதை அவர் பல வருடங்களுக்கு முன்பே நினைத்திருந்ததாகவும் நேரம்தான் கிடைக்கவில்லை என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் வேறு ஒரு முதலாளியிடம் தனியாக ஒப்புக்கொண்ட வீட்டுக்குப் போகும் முன், ஏணியிடம் வந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தரை ரெண்டரை, படிக்கல்லு முக்கால். அப்ப முதல் படி எவ்வளவு வைக்கட்டும்?"

"ஏழு தானே ஏத்தம்? எட்டே முக்கால் வைங்க. கடைசி அஞ்சே கால்."

"அதான் நானும் போட்டேன். சும்மா கேட்டேன்."

மின் இணைப்பும் அந்த மாதமே வந்துவிட்டது. மஞ்சள் இயந்திரம் கலவையையும் கல்லையும் வெளிப்பக்கமாக மேலே கொண்டுபோனது. பதினோரு பேரில் யாரும் அதைக் குறை சொல்லவில்லை. தலையில் பாண்டு இல்லாமல் நடப்பது முதல் வாரம் விசித்திரமாக இருந்ததாகவும், கழுத்து எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்ததாகவும் குண்டூசி சொன்னாள். தலைச்சுமை மறையும் என்று அறிக்கை சொன்னது மறைந்தது. சுமந்தவர்கள் மறையவில்லை. அவர்கள் நேரே படிக்கட்டுக்குப் போய்ச் சுண்ணக்கட்டியைக் கையில் எடுத்தார்கள்.

ஆண்டு முடிவில் புள்ளிவிவரத் துறையிலிருந்து ஒருவர் கணினிப் பலகையோடு வந்தார். நல்ல மனிதர், வெயிலில் நிறைய நடந்திருந்தார். ஏணி முப்பத்தொன்றாம் வீட்டில் படிக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன வேலைங்கம்மா செய்றீங்க?"

"படிக்கட்டு கட்டறேன்."

அவர் விரலால் தட்டினார். பெண் என்பதைத் தட்டியதும் பட்டியலில் மூன்று வேலைகள் வந்தன: தலைச்சுமை, தண்ணீர் தெளித்தல், பெருக்குதல். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். வேறில்லை.

"கொத்தனார்னு போட முடியலம்மா. பெண்ணுன்னு போட்டதும் அது காணாம போயிடுது."

"அப்ப ஆம்பளைன்னு போடுங்க."

"அப்படிப் போட்டா தப்பாயிடும்."

"இப்பப் போட்டது மட்டும்?"

அவர் யோசித்தார். அலுவலகத்துக்குப் போன் செய்தார். அங்கே யாரும் எடுக்கவில்லை. கடைசியில் தலைச்சுமை என்றே தட்டி, பதினோரு பேரையும் அப்படியே பதிந்தார். வெளியேறும் முன், பட்டியலில் வராத இன்னொன்றைச் செய்தார்: முடிந்த வீடு ஒன்றில் மாடிக்கு ஏறி இறங்கிப் பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார். எது நல்லா இருக்கிறது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு அறிக்கையின் நாற்பத்தோராம் பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பு வந்தது. மாநிலமெங்கும் எதிர்பார்த்தபடி சரிந்துவரும் ஒன்பதாம் வகை, ஒரேயொரு கட்டுமான இடத்தில் மட்டும், பளுதூக்கி இயந்திரம் நிறுவப்பட்ட பின்னரும் குறையவில்லை. திறனற்ற பணியாளர்களை இவ்வாறு தொடர்ந்து வைத்திருப்பதற்கான காரணம் ஆய்வுக்குரியது என்று அது சொன்னது.

அந்த அறிக்கை வருவதற்குள் ஏணி, பத்துப் பெண்களோடு, முப்பது வீடுகளுக்குப் படிக்கட்டு கட்டினார். ஆறு வீடுகளின் படிக்கட்டைத் திருத்தினார். வீட்டுக்குப் பதினேழு ஏற்றம். ஒவ்வொன்றும் ஏழு அங்குலம்.